நம்பாமலே கடைப்பிடிக்கப்படும் நம்பிக்கைகள்

வாசகர் கேள்வி. 27 ஜூலை 2025

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம் அது. பிறகு கல்லூரிகள் வந்தன, பல்கலைக்கழகமும் வந்தது. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்தும் இதே ஊரில் பொறியாளரும் மருத்துவரும் ராகு காலம் முடியும்வரை காரை எடுக்காமல் வாசலில் நிற்கிறார்கள். அறியாமை என்று இனிமேலும் சொல்வதற்கில்லை. அப்படியானால் இதற்கு என்ன பெயர்?

28 ஜூலை 2025, இரவு

கணக்கு எழுதி வரிப் படிவம் தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகம் வைத்திருப்பவன் என்ற முறையில் என் பதில்: அந்தப் பொறியாளருக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இருக்கிறது என்று நீங்களாக வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அந்த இடத்திலேயே எனக்கு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு ஜூலை 31 புதன்கிழமை, தாக்கலுக்குக் கடைசி நாள். அரிசி ஆலை நடத்தும் ஒருவரின் படிவம் பன்னிரண்டு மணி தாண்டியதும் தயாராகிவிட்டது. அவர் இயந்திரவியல் படித்தவர். ஆலையில் ஏதாவது மோட்டார் நின்றால் தாமே பிரித்துப் பார்ப்பவர். "அண்ணே, ஒன்றரைக்கு மேல அனுப்பிக்கிருவமே" என்றார். கடைசி நாளில் இணையதளம் எந்த நேரத்தில் திணறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று எடுத்துச் சொன்னேன். "எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லைண்ணே. ஆனா நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சுன்னா, ராகு காலத்துல அனுப்புனா வராம என்ன பண்ணும்னு வீட்டுல என்னையத்தான் சொல்லுவாக" என்றார்.

ஒன்றரை மணிவரை நான்கு கணினிகளும் நாங்களும் சும்மா இருந்தோம். அவர் அஞ்சியது வருமான வரித் துறைக்கும் அன்று, ராகுவுக்கும் அன்று. பிறகு கேட்கப்போகும் "நான் அப்பவே சொன்னேனே" என்ற ஒரு வாக்கியத்துக்கு. படிப்பு ஒருவருடைய நம்பிக்கையை மாற்றலாம். தவறு நேர்ந்தால் வீட்டார் விரலை யார் பக்கம் நீட்டுவார்கள் என்பதை அவர் ஒருவருடைய படிப்பு எப்படி மாற்றும்?

28 ஜூலை 2025, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் எக்செல் கோப்பின் முதல் கட்டத்தில் 'உ' போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார்கள். அந்த ஒரு வரி கூடுதலாக இருப்பதால் வரி மென்பொருள் கோப்பை ஏற்க மறுத்தது. பையன் யோசித்து, எழுத்தை வரியிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தின் பெயரையே 'உ' என்று வைத்துவிட்டான். இப்போது வேறு பக்கத்திலிருந்து அந்தத் தொகையை எடுக்கும் ஒவ்வொரு சூத்திரத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி வந்து நிற்கிறது. இதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதனால் லாபம் கூடும் என்று யாரும் எண்ணவில்லை. பழைய பேரேட்டுக்குச் செய்த மரியாதையைப் புதியதற்கும் செய்கிறார்கள்.

30 ஜூலை 2025

"ராகு காலத்துக்கு வானியல் அடிப்படை உண்டு, நீங்கள் கேலி செய்யக் கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கேலி செய்யவில்லை. ஆனால் அடிப்படை என்று வந்துவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

சூரிய உதயத்திலிருந்து அத்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குகிறார்கள். "திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்த வரிசைதான்: திங்களுக்கு ஏழரை, சனிக்கு ஒன்பது, வெள்ளிக்குப் பத்தரை என்று போகும். இந்த நேரங்கள் எல்லாம் ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அத்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்டவை. நம் கடிகாரமோ 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. காரைக்குடி அதற்கு ஏறத்தாழ நான்கு பாகை மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகக் கால் மணி நேரம் பிந்தித்தான் வரும். ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் ஆறரை மணி தாண்டித்தான் உதிக்கிறது. அந்த மாதத்துத் திங்கட்கிழமையில் விதிப்படி கணக்கிட்டால் ராகு காலம் ஏறக்குறைய 8.05 முதல் 9.30 வரை வருகிறது. நாள்காட்டித் தாளில் 7.30 முதல் 9 வரை என்று பார்த்து, ஒன்பது அடித்ததும் நிம்மதியாகச் சாவியைத் திருப்பிப் புறப்படுகிறவர் நட்டநடு ராகு காலத்தில் புறப்படுகிறார். அப்படிப் புறப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விபத்தில் சிக்கியதாக யாரும் குறை சொல்லக் கேட்டதில்லை.

திருத்தமாகக் கணிக்கும் பஞ்சாங்கங்களும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அவற்றை வாங்கி வைத்திருக்கும் வீடுகளிலும் வாசலில் தொங்குவது சிவகாசி நாள்காட்டிதான். நடைமுறையில் செல்லுபடியாவது அதுதான்.

31 ஜூலை 2025

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் எந்த ராகு காலத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்டவருக்கு. என் அயித்தான் அங்கே நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார். அங்கே சூரியன் உதிப்பதே காலை ஏழு மணி வாக்கில்தான். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, அரசாங்கம் நேராகப் புத்தாண்டுக்குள் போய்விட்டது. ராகுவும் அரசிதழைப் படித்துவிட்டு அரை மணி நகர்ந்திருப்பாரா என்று அயித்தானிடம் கேட்டேன். அவர் இங்கிருந்து போகும் நாள்காட்டியைச் சமையலறையில் மாட்டி, அதில் உள்ள நேரத்தை அப்படியே உள்ளூர்க் கடிகாரத்தில் பார்க்கிறார். அதே அடுக்கில் குடியிருக்கும் தேவகோட்டைக்காரர், இது இந்திய நேரம் என்று சொல்லி இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்கிறார். ஆக, திங்கட்கிழமைகளில் அந்த மாடியில் ஒரு வீட்டில் ஏழரைக்கும் இன்னொரு வீட்டில் பத்து மணிக்கும் ராகு காலம் தொடங்குகிறது.

அயித்தான் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "தம்பி, சரியான நேரம் எதுன்னு எனக்கு வேண்டியதில்லை. நானும் ஒங்க அக்காளும் ஒரே நேரத்தைப் பாத்தாப் போதும்."

2 ஆகஸ்ட் 2025

வண்டி எண் விவகாரம். கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி என்று சொல்லி, அந்த எண்ணைத் தவிர்க்கக் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு இலக்க எண்களில், 1 முதல் 9999 வரை, கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் எட்டு வருபவை சரியாக 1111. ஒன்பதில் ஒரு பங்கு வண்டிகள் சனியின் வசம். அவையும் பாலம் பாலமாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

வேடிக்கை வேறோர் இடத்தில் இருக்கிறது. மாவட்டக் குறியீட்டு எண்ணையும் சேர்த்துக் கூட்ட வேண்டுமா, கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதுமா என்பதில் சோதிடர்களுக்குள்ளேயே தகராறு. சிவகங்கை மாவட்டத்துக்கு 63. ஆறும் மூன்றும் ஒன்பது. எதோடு ஒன்பதைக் கூட்டினாலும் ஒற்றை இலக்கம் மாறாது. ஆகவே நம் மாவட்டத்தில் எந்தச் சோதிடரைக் கேட்டாலும் ஒரே விடை. எல்லை தாண்டிப் புதுக்கோட்டைக்குப் போனால் 55; ஐந்தும் ஐந்தும் பத்து, அதாவது ஒன்று. அங்கே கட்சி பிரிந்துவிடும்: ஒரு சோதிடருக்கு ஏழாக இருப்பது இன்னொருவருக்கு எட்டாகிவிடும். ஆங்கில எழுத்துகளுக்கும் மதிப்புப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

3 ஆகஸ்ட் 2025

இன்று ஆடிப்பெருக்கு. ஆடியில் நல்ல காரியம் கூடாது என்று மாதம் முழுவதும் பூட்டிவைத்துவிட்டு, பதினெட்டாம் நாளுக்கு மட்டும் ஒரு திட்டிவாசல் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு மீதி நாள்களிலும் விற்றாக வேண்டும், தள்ளுபடி அறிவித்தார்கள். இருபது விழுக்காடு குறைகிறது என்றதும் கல்யாணப் பட்டு எடுப்பதற்கு மட்டும் ஆடி தடையில்லாத மாதமாகிவிட்டது. எந்தக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அது எவ்வளவு என்று வணிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதையும் இந்த இழையில் யாரும் இதுவரை சொல்லவில்லை.

9 ஆகஸ்ட் 2025

நான் 28-ஆம் தேதி சொன்ன பழி அச்சம் எல்லாவற்றையும் விளக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒருவரும் பார்க்காத அறையில், ஒருவரும் குறை சொல்லப் போகாத காரியத்திலும் மனிதர்கள் இப்படிச் செய்கிறார்களே என்பது அவர் வாதம். லிஃப்ட் பொத்தான் எரிந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அழுத்துகிறோம். தொலைக்காட்சி ரிமோட்டைத் தட்டித் தட்டி வேலை வாங்குகிறோம். நியாயமான கேள்வி. என் விளக்கத்துக்கு எல்லை உண்டு. வீட்டுக்குத் தெரிய நடக்கும் காரியங்களுக்கு அது பொருந்தும். தனியாக இருக்கும்போது செய்பவற்றுக்கு வேறு காரணம் வேண்டும்.

அதற்கு ஸ்கின்னரின் புறாக்கள் உதவும். உளவியலாளர் ஸ்கின்னர் 1948-இல் வெளியிட்ட சோதனையில், புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகத் தீனி வரும்படி செய்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவைப் பிடித்துக்கொண்டன: ஒன்று வட்டமிட்டது, இன்னொன்று தலையை மூலைக்கு முட்டியது. பிற்பாடு 1971-இல் ஸ்டாடனும் சிமெல்ஹாகும் இதைத் திரும்பச் செய்து பார்த்து, அவற்றில் பல தீனியை எதிர்பார்க்கும் புறா இயல்பாகச் செய்யும் அசைவுகளே என்றார்கள். ஆகவே புறாவை வைத்து மனிதனை முழுக்க விளக்கிவிட முடியாது. ஆனால் லிஃப்ட் பொத்தானுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். லிஃப்ட் எப்படியும் வரத்தானே போகிறது.

10 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர்; பேட்டரியைச் சொல்லாமல் காரைக்குடிக்காரன் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது.

கைப்பேசியை முழுக்கத் தீரவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று இன்றும் பலர் விடாப்பிடியாக இருக்கிறார்கள். அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. பாதியில் ஏற்றி ஏற்றிப் பழக்கினால் அந்தப் பேட்டரி பாதிக்கே பழகிவிடும் என்ற பேச்சுக்கு அங்கே ஓரளவு ஆதாரம் இருந்தது. 1991-இல் சந்தைக்கு வந்து, 2019-இல் மூவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த லித்தியம்-அயனிப் பேட்டரிக்கோ அடிமட்டம் வரை தீர்வதுதான் கேடு. பேட்டரி மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அறிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு காலத்தில் காரணத்தோடு இருந்த பழக்கம், காரணம் போன பிறகும் அதே உறுதியோடு நிற்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறானதும் ஒன்று உண்டு. எங்கள் அப்பத்தா டார்ச் விளக்குக் கட்டைகள் மங்கிவிட்டால் வளவு வாசலில் வெயில் விழும் படியில் வரிசையாகப் படுக்க வைப்பார். ஆத்தங்குடிக் கல்லின் பூவுக்கு ஒன்றாகச் சிவப்புக் கட்டைகள் கிடக்கும்; பூனை வந்து உருட்டிவிட்டால் பூனைக்கு ஏச்சு விழும். நாங்கள் சிரிப்போம். ஆனால் அன்றிரவு டார்ச் கொஞ்ச நேரம் எரியும். சூட்டில் உள்ளே இருக்கும் வேதிவினை வேகம் பிடிப்பதாலும், ஓய்வு கொடுத்ததாலும் சிறிது மின்சாரம் மிச்சம் கிடைக்கும் என்பது உண்மைதான். அப்பத்தாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அவர் செய்தது மூடப்பழக்கம் அன்று. எதைச் சிரித்துத் தள்ளுவது என்பதில் நிதானம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நனைந்த கைப்பேசியை அரிசிப் பானைக்குள் புதைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் அரிசி வேண்டாம், அதன் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று சொல்லியிருக்கிறது. அரிசியும் வீணாகிறது.

15 ஆகஸ்ட் 2025

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. துரோபிரியாண்டுத் தீவுகளில் காயலுக்குள் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்குகள் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நம் முன்னோருக்கு அது அப்படியே பொருந்துகிறது என்கிறார் நண்பர். ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பேன்.

பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பல் ஏறியவர்களில் பலர் முதலாளிகள் அல்லர். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசிக்கொண்டு போன மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். வேறொருவர் மூலதனத்தை எடுத்துக்கொண்டு போகிறவன் நல்ல நேரம் பார்க்காமல் புறப்பட்டு, அங்கே கடன் திரும்பாமல் போனால், திரும்பி வந்து யாரிடம் முகம் காட்டுவது? கடலைப் பற்றிய அச்சத்தோடு கணக்கு ஒப்படைக்கும் நாளைப் பற்றிய அச்சமும் அதில் இருந்தது.

ஆனால் கப்பலும் ரயிலும் நல்ல நேரம் பார்த்துப் புறப்படுவதில்லை. அதற்குத்தான் பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஒரு பையையோ வேட்டி துண்டையோ எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிப் பங்காளி வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் ரயில் வந்தாலும் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். விதியையும் மீறவில்லை, ரயிலையும் விடவில்லை.

இந்த வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போன என் தங்கை மகன், விமானம் புறப்படுவது எமகண்டத்தில் என்று தெரிந்ததும், முதல் நாள் நல்ல நேரத்தில் சாமி வீட்டின் முன்னால் உட்கார்ந்து கைப்பேசியில் வெப் செக்-இன் செய்தான். "அதான் சீட்டுப் போட்டாச்சே அம்மான், பொறப்பட்டாப்புலதான்" என்றான். பங்காளி வீட்டுத் திண்ணைக்குப் பதிலாக விமான நிறுவனத்தின் கணினி. பையை வைத்துப் பார்த்துக்கொள்ள அதற்கு வாடகையும் இல்லை.

16 ஆகஸ்ட் 2025

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டே போகிறீர்கள், இதனால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரியாவது உண்டா?"

உண்டு. மேலே நான் சொன்னவற்றில் எல்லாம் கடைப்பிடிக்கிறவரே செலவையும் ஏற்றுக்கொள்கிறார். காத்திருக்கிறார், பணம் கட்டுகிறார், பையைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறார். ஆனால் கணவரை இழந்த பெண், பேரன் ஊருக்குப் போகும் நேரத்தில் எதிரே வந்துவிடக் கூடாது என்று இரண்டாங்கட்டிலேயே நின்றுகொள்வதை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அவரை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். செருப்பு மாட்டும் ஓசை கேட்டதும் தாமாக உள்ளே போய்விடுவார். பழியை முன்கூட்டியே ஒருவர் தலையில் வைத்துவிட்ட ஏற்பாடு அது. அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இதை அயித்தானின் இரண்டு ராகு காலத்தோடு ஒரே பட்டியலில் வைக்க எனக்கு மனம் இல்லை. ராகு காலத்தை ஒழிக்க வாதாடவும் மாட்டேன்; இப்படி ஒதுங்க வைப்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். நிறுத்தியவர் என் மனைவி. பெண் அழைக்கக் கிளம்பிய அன்று, ஒதுங்கி நின்ற என் சின்ன ஆத்தாளைக் கையைப் பிடித்து முகப்புக்கு அழைத்து வந்து, திருநீறு பூசிவிடச் சொன்னார். வாயைத் திறக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

27 ஆகஸ்ட் 2025

சதுர்த்தி. பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். 1995 செப்டம்பர் 21-ஆம் நாள் பிள்ளையார் பால் குடித்த செய்தி நாடெங்கும் பரவியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். கரண்டி நிறையப் பாலைச் சிலையின் விளிம்பில் படும்படி சாய்த்தால், பரப்பு இழுவிசையால் பால் மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்துவிடும். நிறம் கலந்த பாலை வைத்து அறிவியலாளர்கள் அதை அப்போதே காட்டினார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில், தொலைபேசியிலேயே ஒரே நாளில் அந்தச் செய்தி அவ்வளவு தூரம் போனது. இன்று பதினொரு பேருக்கு அனுப்பச் சொல்லி வரும் செய்திகளைக் குறை சொல்கிறவர்கள், முன்பு அஞ்சலட்டையில் கைவலிக்க எழுதியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

8 செப்டம்பர் 2025

நேற்றிரவு முழுச் சந்திர கிரகணம். 9.57-க்குத் தொடங்கி, 11 மணியிலிருந்து 12.22 வரை நிலவு செம்பு நிறத்தில் இருந்தது. தெருவில் பாதி வீடுகள் ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டன.

பக்கத்து வீட்டு ஆச்சி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை பிடிமானம் இல்லாமல் நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது கணக்கு. 2019 டிசம்பர் 26 காலை, நம் ஊர் வழியாகவே கங்கணச் சூரிய கிரகணம் போனபோதும் இதே உலக்கைதான் நின்றது. கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் இரும்புப் பூண். பல பத்தாண்டுகள் குத்திக் குத்தி அதன் விளிம்பு மழுங்கி, அடி தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. நேராக நிமிர்த்தி, கையை நடுங்காமல் எடுத்தால் எந்த நாளிலும் நிற்கும்.

இன்று காலை, கிரகணம் விட்டுப் பல மணி நேரம் ஆன பிறகு, ஆச்சியின் முன்னிலையிலேயே அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திக் காட்டினேன். ஆடாமல் நின்றது. ஆச்சி ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"நேத்து அது தானா நின்னுச்சு. இன்னைக்கு நீயில்ல நிறுத்தி வச்சிருக்க" என்றார்.

நேற்றும் நிறுத்தியது ஆச்சிதானே என்று கேட்டதற்கு, காப்பி ஆறிப்போகிறது என்று உள்ளே போய்விட்டார்.